படிக்கட்டு வரை பாசம்

உலகில் நோயாளிகள் உள்ள வரை அழியாத இனம் ஒன்று உண்டு. அதற்கு நான் வைத்த பெயர், ‘எட்ட நின்று உருகுபவர்’. சளி, ஜுரம் என்றால் இவர் கட்டிலிலேயே உட்கார்ந்து, நோயாளிக்கு வந்த சாத்துக்குடியை உரித்துத் தாமே தின்பார். காச நோய் என்று காதில் விழட்டும்! பாசம் பொங்கும், கால் நகராது.

எங்கள் மயிலாப்பூர் சந்தில் இவ்வினத்தின் திலகம் ராஜரத்தினம் அண்ணாச்சி. பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. அங்கே துணி கிழித்துக் கொடுக்கும் கோபால்தான் எங்கள் சந்திலேயே ஒரு மாடிப் போர்ஷனில் காச நோயோடு படுத்திருந்தான். தினம் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டால் பிழைப்பான், விட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கோ எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஒரு பக்கம் மனைவி ரத்னா தாங்கினால், மறுபக்கம் தாங்க ஓர் ஆள் வேண்டும்.

ஆளுக்கா பஞ்சம்? அண்ணாச்சியே தினமும் வந்தார். பாதிப் படிக்கட்டில் நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்து, காப்பி கொடுத்தால் இன்றைக்கு விரதம் என்று மறுத்து (அவருக்கு ஞாயிறும் விரதம்தான்), ‘அந்த வியாதி’ என்று பெயர் சொல்லாமல் பேசி, திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் விபூதியை ரத்னாவின் கையில் படாமல் உயரத்திலிருந்து தூவுவார். பாதி காற்றுக்கு, மீதி நோயாளிக்கு.

“ஊசிய மட்டும் ஒரு நாளும் விட்டுராதம்மா, கேட்டியா?”

“அதுக்குத்தான் அண்ணாச்சி, கொஞ்சம் ஒரு கை புடிங்க. கீழ ரிக்‌ஷா நிக்குது.”

“நானா? இடுப்புல வாயுப் பிடிப்புல்லா!”

முந்தின நாள்தான் கடையில் துணி மூட்டையைத் தூக்கிய இடுப்பு!

சட்டென்று திரும்பினார். கவனித்தீர்களா? ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவில்லை. நாம் எந்த வீட்டிலிருந்து அப்படிச் சொல்லாமல் கிளம்புவோம்? சாவு வீட்டிலிருந்துதானே!

உள்ளிருந்து கோபாலின் குரல் வந்தது. “அண்ணாச்சி! சொல்லிக்கினு போங்க. நான் இன்னும் உயிரோடதான் கீறேன்!”

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. “வாரேன், வாரேன்” என்று தடதடவென இறங்கித் தெருவில் போய் நின்றார்.

ரத்னா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. புருஷனை உட்கார வைத்தே, பின்னாலிருந்து தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக நகர்த்தி இறக்கினாள். படிக்குப் படி அவன் இருமினான். கீழே சந்தே கூடி நின்று உச்சுக்கொட்டியது. அண்ணாச்சி தெருவிலிருந்தபடியே, “பாத்து, பாத்து! தலை இடிக்கும்! ஊசிக்கு நேரமாச்சு, சீக்கிரம்!” என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

வயிறு எரிகிறதா? எனக்கும் எரிகிறது. அண்ணாச்சியைத் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் உங்கள் தெருவிலும் யாரோ இருமிக்கொண்டிருக்கிறார்களாம். நீங்களும் போய் விசாரித்துவிட்டு வந்தீர்களாமே. நல்ல மனசு. உட்கார்ந்து விசாரித்தீர்களா, நின்றுகொண்டா?