மேஜர் தூக்கிய முன்னங்கால்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. தண்ணீர்மலை முருகன் மேல் ஆணை. போதாதென்றால் கொம்தார் மாடிக் கட்டடத்தின் உச்சிக்குக் கூட்டிப்போங்கள், அங்கே ஒற்றைக்காலில் நின்று இன்னொரு தடவை சொல்கிறேன். லிஃப்ட் ஓடினால்.

ஜெலுத்தோங்கில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தார் தங்கராஜு. ஃபெர்ரி ஏறிப் போனால் அக்கரையில் பிறை என்ற ஊர், அங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே அவர் கண்ணைக் காட்டினால் ஒரு ஷிஃப்டே எழுந்து நிற்கும். வீட்டில் மனைவி நல்லம்மாள் கண்ணைக் காட்டினால் தங்கராஜு எழுந்து நிற்பார். ஏற்கனவே நின்றுகொண்டிருந்தால், உட்கார்ந்துவிட்டு எழுந்து நிற்பார்.

எண்பதுகளின் கடைசி அது. ஊருக்குத் திரும்பிப் போன ஓர் ஆஸ்திரேலியத் தோட்ட மேனேஜர், தன் இளம் வேட்டை நாயைத் தங்கராஜு தலையில் கட்டிவிட்டுப் போனார். பெயர் மேஜர். வெள்ளை உடம்பு, காப்பி நிறத் திட்டு. பறவை வாடை மூக்கில் பட்ட அந்த நொடியில் குரைக்காது, ஓடாது. ஒரு முன்னங்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, வாலைக் கம்பி மாதிரி விறைத்து, 'இதோ இங்கேதான்' என்று காட்டிக்கொண்டு நிற்கும்.

நாய் வந்த நேரம், தங்கராஜு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதம் தொடங்கியிருந்தார். வாசற்படியிலேயே நாயை நிறுத்திப் பேச்சை முடித்தாள் நல்லம்மாள்.

"நாயி இருக்கட்டும். ஆனா விரதம் முடியிற வரைக்கும் கவிச்சி உங்க நாக்குல படக்கூடாது. பட்டுச்சு, அன்னைக்கே நாயி சுலைமான் அண்ணே வீட்டுக்குப் போயிடும்."

"நாய்க்கும் விரதத்துக்கும் என்ன சம்பந்தம் நல்லம்மா?"

"ரெண்டையும் நான்தானே வீட்டுக்குள்ள கட்டிக் காக்கணும். அதான் சம்பந்தம்."

தங்கராஜு தலையை ஆட்டினார். மேஜர் வாலை ஆட்டியது. இரண்டும் ஒரே வேகம்.

சுலைமான் அவருடைய பழைய கூட்டாளி. வேட்டைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர். சிம்பாங் அம்பாட் பக்கத்து வயல்களில் உள்ளான் குருவி சுடப் போவார். தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மேஜரைக் கூட்டிக்கொண்டு அவரோடு போக வேண்டும் என்பது தங்கராஜுவின் கனவு. கனவில் அவர் தொப்பிகூடப் போட்டிருந்தார்.

ஒத்திகை பார்த்த அன்றே சுலைமான் உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, காட்டுறது நல்லாத்தான் காட்டுது. ஆனா நிக்க மாட்டேங்குதே. பாஞ்சு விரட்டிடுது. நான் துப்பாக்கியைத் தூக்குறதுக்குள்ள குருவி பக்கத்து மாநிலம் கெடாவுக்கே போயி சேர்ந்துடும் போல."

அப்புறம் அவரே ஒரு கழுத்துப்பட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கப்பலில் வேலை பார்க்கும் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாம். பட்டியில் ஒரு கறுப்புப் பெட்டி. கையில் பிடிக்க, ஆண்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் ரிமோட். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் 'பீப்' என்று சத்தம் மட்டும் வரும். இன்னொன்றை அமுக்கினால் ஷாக்.

"எடுத்ததும் ஷாக் குடுத்துடாதீங்கண்ணே. மொதல்ல சும்மா கட்டிவிடுங்க, கழுத்துக்குப் பழகட்டும். அப்புறம் 'நில்'லுன்னு வாயால சொல்லிக் குடுங்க. அது புரிஞ்ச பிறகுதான் பட்டன். ஷாக்கு, நாயோட காது லேசா ஆடுற அளவுதான், மேல போகக்கூடாது. அதையும் நாய்க்குப் போடுறதுக்கு முந்தி உங்க கையில போட்டுப் பாருங்க."

அன்று சாயங்காலமே தங்கராஜு பட்டியைக் கையில் கட்டிக்கொண்டு, ரிமோட்டை மனைவியிடம் நீட்டினார்.

"ஆகக் கொறைச்சலா வச்சு அமுக்கு."

"கொறைச்சல் எந்தப் பக்கம்?"

"இதுகூடத் தெரியாதா? இடது பக்கம்லா."

"உங்களுக்கு இடதா, எனக்கு இடதா? எதிரும் புதிருமா நிக்கிறோம்ல?"

தங்கராஜு யோசிப்பதற்குள் நல்லம்மாள் அமுக்கிவிட்டாள். "அலாமாக்!" என்று அவர் போட்ட கூச்சலில் படகுத்துறையில் ஃபெர்ரி ஒருதடவை பின்னால் போய் வந்ததாகச் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை, அதனால் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் சோபாவின் இந்தப் பக்கம் நின்றவர் அந்தப் பக்கம் போய் விழுந்தது உண்மை. மேஜர் அவரை ஆச்சரியமாகப் பார்த்தது.

"பாவம் வாயில்லாப் பிராணி. இதுக்கு ஷாக்கெல்லாம் வேணாம்," என்றாள் நல்லம்மாள்.

"ஆமா, பாவம்," என்றார் தங்கராஜு, தலைமுடியைப் படிய வைத்தபடி.

ஆக, சத்தம் மட்டும்தான். சும்மா சொல்லக்கூடாது, தங்கராஜு ஒழுங்காகத்தான் பழக்கினார். பட்டி கழுத்துக்குப் பழகியது. பிறகு காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் பின்கட்டில் நிறுத்தி, "நில்" என்பார், 'பீப்' கொடுப்பார். நின்றால் ஒரு துண்டு தோசை. அசைந்தால் தோசை அவருக்கு. முதலில் தங்கராஜுதான் நிறையத் தோசை சாப்பிட்டார். போகப் போக மேஜர் சாப்பிட்டது. பிறகு 'நில்' என்று சொல்லவே வேண்டியதில்லை. ரிமோட் 'பீப்' என்றால் போதும், நாய் சிலை. நல்லம்மாள் வந்து "சரி" என்றால்தான் அசையும். ஒருநாள் அது நின்ற நிலையைப் பார்த்து, அந்த வாலில் நல்லம்மாள் கைத்துண்டைக் காயப்போட்டாள். காய்ந்ததும் மடித்தும் வைத்தாள்.

தங்கராஜுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியா, எப்படிப் பழக்கியிருக்கேன்?"

"நீங்க வேலைக்குப் போன பிறகு நானும் ரெண்டு தடவை சொல்லிக் குடுக்கிறேன்லா."

"செய்யி, செய்யி. உனக்கும் பொழுது போகும்."

ரிமோட்டை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்.

தைப்பூசம் நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் பிறையில் வேலை சீக்கிரம் முடிந்தது. ஃபெர்ரியை விட்டு இறங்கியவரின் மூக்கில் நாசி கண்டார் சோற்றுக் கடையின் வாடை ஏறியது. பொரித்த கோழி. மேலே கலந்து ஊற்றிய குழம்பு. கால் தானாக உள்ளே போனது என்று அவரே பிற்பாடு சொன்னார். கையும் தானாகப் பிசைந்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் மூளை வேலை செய்தது. சோப்புப் போட்டுக் கை கழுவினார். வாய் கொப்பளித்தார். வெற்றிலை போட்டார். கழுத்திலும் நெஞ்சிலும் தைலம் தேய்த்தார். போதாதென்று மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் சந்தனம் வாங்கி நெற்றி நிறையப் பூசினார். வீட்டுக்கு வந்தபோது, நாட்டு மருந்துக் கடை ஒன்று கோயிலுக்குக் கிளம்பியது போல் இருந்தார்.

கேட்டைத் திறந்தார். மேஜர் ஓடி வந்தது. பாதி வழியில் நின்றது. மூக்கு இரண்டு தடவை துடித்தது. முன்னங்கால் மேலே போனது. வால் விறைத்தது. மூக்கு நேராகத் தங்கராஜுவின் சட்டைப் பையைப் பார்த்து நீண்டது.

"சீ, போ உள்ள," என்றார் மெதுவாக.

மேஜர் அசையவில்லை.

இடது பக்கம் நகர்ந்தார். மூக்கும் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் நகர்ந்தார். மூக்கும் கூடவே வந்தது. பூந்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். மேஜர் பூந்தொட்டியைக் காட்டியது.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

தங்கராஜு எழுந்தார். எட்டி ஆணியிலிருந்த ரிமோட்டை எடுத்தார். அந்தப் பதட்டத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், நாயை விரட்டுகிற நினைப்பில் அமுக்கினார். பீப்! மேஜரின் வால் இன்னும் விறைத்தது. பீப்! பீப்! இப்போது அது மூச்சுவிடுவதைக்கூட நிறுத்திவிட்டது.

"ஏங்க அதைப் போட்டு அமுக்கிறீங்க? பீப்புன்னா நில்லுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" நல்லம்மாள் வாசலில் நின்றாள். கையில் கரண்டி.

"பேட்டரி... பேட்டரி பார்த்தேன்."

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. மேஜர் எதைக் காட்டுது?"

"பூந்தொட்டியில ஏதோ குருவி போல."

"குருவி உங்க சட்டைப் பையிலயா கூடு கட்டியிருக்கு?"

"ஃபெர்ரியில பக்கத்துல ஒருத்தன் கோழி தின்னான் நல்லம்மா. அந்த வாடையா இருக்கும்."

"தின்னுட்டு உங்க கைக்குட்டையிலயா வாயைத் துடைச்சான்?"

பையிலிருந்து கைக்குட்டையை அவளே இழுத்தாள். மஞ்சளும் சிவப்புமாக, நாசி கண்டார் குழம்பின் முழு வரலாறும் அதில் இருந்தது.

"சரி," என்றாள் நல்லம்மாள். மேஜர் காலை இறக்கியது. தங்கராஜு தலையை இறக்கினார்.

"சுலைமானுக்குப் போன் பண்ணவா?" என்றார். அந்தக் குரலில் நிஜமாகவே அழுகை இருந்தது. தொப்பி, வயல், உள்ளான் எல்லாம் கண்முன்னே பறந்து போயின. அதைவிட, காலையில் தோசைக்காகத் தன் முகத்தையே பார்த்து நிற்கும் மேஜரும் போய்விடுமே.

நல்லம்மாள் அவரைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள்.

"மேஜர் எதுக்குப் போகணும்? தப்பு பண்ணது அதா? இந்த வீட்ல உண்மை பேசுற ஆம்பளை ஒண்ணாவது இருக்கட்டும். பால்குடத்தை இந்த வருஷம் நான் எடுக்கிறேன். நீங்க அடுத்த வருஷத்துக்கு இன்னைக்கே விரதத்தைத் தொடங்குங்க."

நாய் தப்பியது! தங்கராஜுவுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது.

"நல்லம்மா, முருகன் சத்தியமா இன்னைக்கு ஒரு நாள்தான். புத்தி கெட்டுப் போச்சு. வீட்டுக்குள்ளதான் கோழியே வரலையே, இது எப்படிக் கோழிக்குக் காலைத் தூக்கப் பழகுச்சு?"

"நீங்க தினமும் கழட்டிப் போடுற சட்டையை வச்சுத்தான் பழக்கினேன்."

தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு மேஜர் சிம்பாங் அம்பாட் போய், வயலில் அசையாமல் நின்று பெயர் வாங்கியது. நல்லம்மாள் கூடப் போனாள், 'சரி' சொல்ல ஆள் வேண்டுமே. தங்கராஜு வீட்டில் சாம்பார் வைத்தார். நன்றாகவே வைப்பார்.

கதையை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னதாக மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தக் கடையில் தங்கராஜுவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார் என்று நல்லம்மாள் இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.