நாடியை நிறுத்திய சாமி

டுரியான் துங்கால் ஊரில் ஒரு கடைவீட்டு மாடிக்கு நாடிச்சாமி வந்து இறங்கிய நாள்முதல் கீழே கார் நிறுத்த இடமில்லை. சாமி நினைத்தால் தம் நாடியை நிறுத்துவார்; நினைத்தால் மறுபடி ஓட்டுவார். தம் இதயத்தையே ஆட்டிவைப்பவருக்கு அடுத்தவர் இதயம் எம்மாத்திரம்? சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையிலிருந்து எஞ்சினியர்கள்கூட வந்தார்கள். செருப்போடு படிப்பையும் வாசலில் கழற்றிப்போட்டுவிட்டு மேலே ஏறினார்கள்.

குகனும் தன் மனைவி திலகவதியை அங்கே இழுத்துப்போனான். பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தவள் அவள். இதயத்தின் கீழறைகளில் மின்னோட்டம் தறிகெட்டுத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்றார் டாக்டர். நெஞ்சின் மேற்புறம், தோலுக்கடியில் சிறு கருவியொன்றைப் பதித்தார்கள். துடிப்பு வெறிபிடித்தால் அது அதிர்ச்சி கொடுத்து நேராக்கும். மாத்திரையை மட்டும் விடக்கூடாது.

சாமியின் கண்டுபிடிப்பு வேறு. கீழறையில் குடியிருப்பது பேயாம். மாத்திரைதான் அதற்குச் சோறாம். குகன் மாத்திரைகளைப் பிடுங்கி ஒளித்துவைத்தான். அந்த வாரமே, அடுப்படியில் நின்றவளைக் கருவி உள்ளிருந்து கழுதைபோல் உதைத்தது. உயிரைக் காத்த உதை. சாமியோ, ஒரு பேய் போகும்போது உதைத்துவிட்டுப் போயிருக்கிறது, இன்னும் இரண்டு பாக்கி என்றார். கீழறையில் கூட்டுக்குடித்தனம் போலும்.

திலகவதி மருத்துவமனையில் மறுபடி மாத்திரை வாங்கி விழுங்கினாள். சாமியின் நாடி வித்தையைப் பற்றி அங்கிருந்த நர்ஸிடம் விசாரித்தும் வைத்தாள். பயம் போய்க் கோபம் வந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, கூப்பிடாமலே குகனுடன் கிளம்பினாள்.

சாமி கண்ணை மூடினார். குகன் அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தான். நாடி இல்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"கழுத்துல கை வச்சுப் பாருங்க," என்றாள் திலகவதி. "நெஞ்சு நின்னுபோனா அங்கயும் நிக்கணும் லா."

குகன் தயங்கித் தொட்டான். அங்கே குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

"சாமி, ரெண்டு கையையும் தூக்கி என்னை ஆசீர்வாதம் பண்ணுங்க."

சாமியின் கைகள் விலாவோடு ஒட்டிக்கொண்டன. குகனே ஒன்றைப் பிடித்துத் தூக்கினான். அக்குளிலிருந்து ரப்பர் பந்து விழுந்து, படிக்கட்டில் குதித்து இறங்கியது. அக்குளில் பந்தை வைத்து நசுக்கினால் மணிக்கட்டுக்கு ரத்தம் போகாது. அற்புதம் அவ்வளவுதான்.

"இந்தப் பந்துக்காகவா என் மருந்தைப் பிடுங்குனீங்க?" என்று அவள் குகனைக் கேட்டாள்.

அதற்குள் பக்தர் ஒருவர் கீழே ஓடிப்போய், பந்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதயம் தடுமாறினால் உதைத்துத் திருத்தக் கருவி இருக்கிறது, ஐயா. மூளை நின்றுபோனால் உதைக்க இன்னும் ஒன்றும் வரவில்லை. அதை நீங்களேதான் ஓட்டிக்கொள்ள வேண்டும்.