வலது கையை உயர்த்திச் சொல்லவும்

மனிதன் வாய் திறந்தால் பொய் என்பதில் இலோயிலோ நகரத்து மருத்துவ உதவி அலுவலகம் ஒன்றுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. ஆகவே மனுக் கொடுப்பவர் எவரானாலும் வலது கையைக் காதுக்கு மேலே உயர்த்தி உறுதிமொழி எடுத்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை தோள் நோயாளிகளுக்கான நாள்.

தெயோபிலோ முப்பது வருஷம் வீடுகளின் உட்கூரைக்குப் பெயிண்ட் அடித்தவர். வலது தோளில் தசைநார் கிழிந்து, உள்ளே சுருங்கி, தைக்க வழியில்லாமல் போய்விட்டது.

"பயிற்சி பாத்தாச்சு, ஊசியும் போட்டாச்சு," என்றார் டாக்டர். "முதுகுத் தசையைத் திருப்பிக் கட்டலாம்னா உங்க வயசு இடம் கொடுக்காது. மிச்சம் ஆபரேஷன் பண்ணித் தலைகீழ் செயற்கை மூட்டு வைக்கிறதுதான். குண்டு இருக்கிற இடத்துல குழி, குழி இருக்கிற இடத்துல குண்டு. கை மேல போகும், மறுபடி சோறு எடுத்து வாயில வைக்கலாம். உதவி அலுவலகத்துல அனுமதி வாங்கிட்டு வாங்க."

போனார். மனைவி நெனிட்டாவும் கூடவே போனாள்.

"வலது கையைத் தூக்கி, 'என் வலது கையைத் தூக்க முடியாது'ன்னு சொல்லுங்க," என்றாள் அதிகாரி எர்லிண்டா.

"அதான் முடியலியே, மேடம்."

"தூக்காம சொன்னா அது வெறும் பேச்சு."

அவர் இடது கையைத் தூக்கினார்.

"அந்தத் தோளுக்கு நீங்க மனுவே போடலியே!"

நெனிட்டாவுக்குப் பொறுக்கவில்லை. புருஷன் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உறுதிமொழியைச் சொல்லி முடித்தார். எர்லிண்டா முகம் மலர எழுதினாள்: 'மனுதாரரின் கை உயர்வது நேரில் காணப்பட்டது. அறுவை சிகிச்சை தேவையில்லை.'

"ஐயோ, நான்ல தூக்கினேன்!"

"குடும்ப ஒத்துழைப்பு நல்லா இருக்குன்னும் சேத்துடறேன்."

கூடத்தில் கூச்சல் கிளம்பியது. உள்ளறையிலிருந்து இயக்குநர் அபுண்டியோ வெளியே வந்தார்.

"இங்க ஜனநாயகம் உண்டு," என்றார். "இந்த விதி தப்புன்னு நினைக்கிறவங்க வலது கையைத் தூக்குங்க."

நாற்பது தோள் நோயாளிகளும் முக்கினார்கள், முனகினார்கள். ஒரு கையும் எழவில்லை.

"ஆட்சேபணை இல்லை. விதி ஏகமனதாக உறுதி செய்யப்பட்டது."

தெயோபிலோ திரும்பிப் பார்த்தார். துணைக்கு வந்த மகன்கள், மருமகள்கள், வாசல் காவலாளி, குமாஸ்தாக்கள், எல்லோருக்கும் தோள் கல்லுக்குண்டாகத்தான் இருந்தது. கைகள் மட்டும் பத்திரமாக மடியில் கிடந்தன.

"உனக்கென்ன கேடு? நீயாவது தூக்கியிருக்கலாமே!" என்றார் நெனிட்டாவிடம்.

"சத்தம் போடாதீங்க," என்றாள் அவள். "அடுத்த மனுவுக்கும் இந்த மேடம்கிட்டதானே வரணும்?"