சாப்ட்டு வாஷ் நுரையண்ணன்

செஞ்சியில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று ராஜகிரிக் கோட்டை, இன்னொன்று நுரையண்ணன். கோட்டையைப் பார்க்க டிக்கெட் வாங்கி மூச்சு வாங்க மலை ஏற வேண்டும். நுரையண்ணனைப் பார்க்க அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. உங்கள் வீட்டுச் சுவரில் கொஞ்சம் பாசி பிடித்திருந்தால் போதும், அவரே வந்து நின்றுவிடுவார்.

அந்த ஊரில் ஒரு அரசு அலுவலகத்தில் நாலு வருஷம் குப்பை கொட்டினேன். திருவண்ணாமலை ரோட்டில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். எதிரே அவருடைய வாட்டர் சர்வீஸ். வண்டியைக் கழுவக் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு நுரை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நுரைக்குள் கையை விட்டு ஹேண்டிலைப் பிடித்து, அவசரத்தில் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரை நான் ஆபீஸ் வரை ஓட்டிப் போயிருக்கிறேன். நுரையண்ணன் என்று பெயர் வந்தது அப்படித்தான். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்க வேண்டும். அதை அவரே மறந்துவிட்டார் என்பது என் எண்ணம்.

வண்டியோடு நின்றிருந்தால் வம்பில்லை. ஒரு நாள், பழக்கமான வீட்டுக்காரர் கேட்டார் என்று, அதே பிரஷர் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுச் சுவரின் பாசியை அடித்தார். பாசி போனது. அதன் பின்னாலேயே பெயின்ட் போனது, பூச்சு போனது. கடைசியில் ஒரு செங்கல்லும் போய், உள்ளே அடுப்பங்கரையில் வடை தட்டிக்கொண்டிருந்த அம்மா வெளியே எட்டிப் பார்த்தார்.

“இன்னாய்யா இது, சொவுத்த கழுவ சொன்னா ஜன்னல் வச்சி குடுத்துட்ட?”

வேறு யாராவது என்றால் ஒரு வாரம் தலைமறைவாகியிருப்பார்கள். இவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு என் கதவைத் தட்டினார். கையில் போன், அதில் ஏதோ ஒரு தேசத்தில் யாரோ கூரை கழுவுகிற வீடியோ. முகத்தில் லாட்டரி அடித்த களை.

“சார்! அடிக்கவே வேணாம் சார்! பூவாட்டம் தெளிச்சா போதும்!”

“எதை?”

“சாஃப்ட் வாஷ் சார்! தண்ணிய வேகமா பீச்சவே கூடாது. மருந்த மெதுவா சொவுத்துல தெளிக்கணும். அப்பறம் இருவது நிமிசம் சும்மா நிக்கணும். பாசி தானா செத்துடும். அப்பறம் தண்ணி வுட்டு கழுவணும், அவ்ளோதான். சும்மா நிக்கறதுதான் சார் இதுல மெயின் வேலையே!”

மருந்து என்று அவர் சொன்னது ஹைப்போ. கொரோனா சமயத்தில் தெருத் தெருவாக அடித்தார்களே, அதேதான். அதைத் தண்ணீரில் கலந்து, சுவரில் ஒட்டி நிற்பதற்குக் கொஞ்சம் சோப்பு ஆயில் சேர்க்க வேண்டும். மிஷினை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் என்ன விலை என்று போனில் தேடினோம். அந்த விலைக்குச் செஞ்சியில் ஒரு மனையே வாங்கிப் போடலாம். நான் அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அவருக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

“நாமளே செஞ்சிக்கலாம் சார்!”

பூச்சி மருந்து அடிக்கிற பேட்டரி ஸ்பிரேயரைப் பிரித்து அதன் பம்பை எடுத்தார். இரண்டே நாளில் ஹைப்போ அதன் உள் ரப்பரைத் தின்றுவிட்டது. “ரப்பரு அல்வா மாதிரி ஆயிடுச்சி சார், தொட்டு பாருங்க!” என்று அதையும் சந்தோஷமாகக் கொண்டுவந்து காட்டினார். மருந்து அரிக்காத பம்பு சென்னையில் கிடைக்கும் என்று தெரிந்தது. பிழைப்புக்கு இருந்த பிரஷர் மிஷினையும், வண்டி ஏற்றும் இரும்புச் சாய்வையும் விற்று அதை வாங்கினார். பழைய ஆட்டோவிலிருந்து ஒரு பேட்டரி, நீல டிரம் இரண்டு, தோட்டத்துக்கு விடுகிற ஓஸ், இவற்றையெல்லாம் ஓட்டை உடைசலாகக் கிடைத்த ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக் கட்டினார். வெள்ளோட்டம் என் வீட்டு வாசலில் நடந்தது. கொடியில் காய்ந்த என் நீலச் சட்டை வெள்ளைப் புள்ளிகளோடு திரும்பி வந்தது. “டிசைன் சூப்பரா இருக்குது சார்” என்றார். ஆபீசிலும் அதையே சொன்னார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அவர் மனைவி செல்வி இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் என் எதிரிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“யோவ், சோறு போட்ட மிஷின வித்துட்ட. சரி. மொத வேல நல்லா வந்தா உன் இஷ்டம். ஊத்திக்கிச்சின்னா மறுநாளே எங்க தம்பி சூளைக்கு போயிடணும்.”

நுரையண்ணனின் முகம் தொங்கியதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். மச்சானுக்கு மேல்மலையனூர் பக்கம் செங்கல் சூளை. அங்கே மேஸ்திரியாக வரச்சொல்லி வருஷக்கணக்காக வற்புறுத்திக்கொண்டிருந்தான். அவனிடம் கைகட்டி நிற்பதைவிட ஹைப்போவைக் குடித்துவிடலாம் என்று என்னிடம் சொன்னார். அந்த டிரம் இருந்த பக்கம் அவரை இரண்டு நாள் நான் தனியாக விடவில்லை.

இதற்கு நடுவில் வண்டிக்குப் பெயர் எழுத வேண்டுமே. ஸ்டிக்கர் கடைக்குப் போன் போட்டு, ‘சாஃப்ட் வாஷ்’ என்று கத்தினார். கடைக்காரர் காதில் விழுந்தபடி அடித்து ஒட்டிவிட்டார். வண்டியின் இரண்டு பக்கமும், சிவப்பில், முழ நீளத்துக்கு: ‘சாப்ட்டு வாஷ்’.

“அண்ணே, சாப்பிட்டுவிட்டுக் கழுவுவீங்கன்னு அர்த்தம் வருதே!” என்றேன்.

“ஒரே ஒரு டு தானே சார் எச்சா இருக்குது. போவட்டும்.”

முதல் வேலை கிடைத்தது. கடைவீதி மளிகை முதலாளியின் மூன்று மாடி வீடு. அந்த வருஷ மழையில் முகப்பு மொத்தமும் கருத்துப்போயிருந்தது. மூன்று நாளில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். ஈரச் சுவரில் பெயின்ட் நிற்காது என்று பெயின்டர் கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல்தான் நுரையண்ணனைக் கூப்பிட்டார் முதலாளி.

அன்று கார்த்திகை அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பஸ்ஸுக்கு ஐம்பது தலையாவது ஜன்னலில். நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். மச்சானும் புல்லட்டில் வந்து இறங்கி, எதிர்க்கடை நிழலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். கையோடு அழைத்துப் போகவே வந்திருந்தான்.

நுரையண்ணன் மழைக்கோட்டு மாட்டி, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினார். தொட்டிச் செடிகளுக்கெல்லாம் ஈரச் சாக்கைப் போர்த்தி, “கொஞ்ச நேரம் பொறுத்துக்கம்மா கண்ணு” என்று துளசியிடம் தனியாகச் சொன்னார். பிறகு மேலிருந்து கீழே மருந்தைத் தெளித்து முடித்தார். கடைசிச் சொட்டும் விழுந்தது. பம்பை நிறுத்தினார். நின்றார்.

சுவர் கருப்பாகவே இருந்தது.

“இன்னாபா, தண்ணிய தெளிச்சிட்டு சும்மா நிக்கிற?” என்றது கூட்டம். பஸ்ஸிலிருந்து ஒருவர், “சாமி வர்றதுக்கு வெயிட் பண்றாரு!” என்று குரல் கொடுத்தார். மச்சான் எழுந்து புல்லட்டை உதைத்தான். “மாமா, போதும். வாங்க, சூளைக்கு போலாம்.”

சும்மா நிற்பதுதான் மெயின் வேலை என்று எனக்குப் பாடம் நடத்திய மனிதரால் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. கை தண்ணீர் ஓஸைத் தேடியது. அப்போதே கழுவிவிட்டால் மருந்தும் போச்சு, மானமும் போச்சு. “அண்ணே, வேணாம்!” என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை.

அப்போதுதான் முதலாளி வீட்டம்மா வாசலுக்கு வந்தார். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்த கை. நேரே வண்டி ஸ்டிக்கரைக் காட்டினார்.

“இன்னாங்க, சாப்ட்டுதான் கழுவுவோம்னு எழுதி வச்சிட்டு, எங்க வூட்ல மட்டும் சாப்டாம கழுவுறீங்களே? அமாவாசை படையல் வேற. மொதல்ல உள்ள வாங்க!”

“இல்லம்மா, அது வந்து...”

“வாங்கன்னா வாங்க!”

அந்தக் குரலுக்கு முதலாளியே ஓடுவார். ஓஸைக் கீழே போட்டார் நுரையண்ணன். அவர் கையைப் பிடித்து நான் இழுத்தேன், மச்சானையும் அந்த அம்மா விடவில்லை. இலை போட்டு வாழைக்காய், பூசணிக்காய்ச் சாம்பார், வடை, பாயசம். நுரையண்ணன் எழப் பார்த்தபோதெல்லாம் அந்த அம்மா இன்னொரு கரண்டி வைத்தார். பாயசத்தில் கை இருக்கும்போது வெளியே ஒரே சத்தம். விசிலடிக்கிறார்கள், பஸ் ஹார்ன் அலறுகிறது. எச்சில் கையோடு எல்லோரும் ஓடினோம்.

மூன்று மாடியும் வெள்ளை வெளேர் என்று நின்றது! கட்டிய நாளில்கூட அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை என்று முதலாளி சத்தியம் செய்தார். கழுவி விட்டதும் கண் கூசியது. மச்சான் வாயில் இருந்த வடையை மென்று முடிக்காமலே, “மாமா, நம்ம சூளை ஆபீசு சொவுரு கூட கருத்து போய் இருக்குது. எப்ப வர்றீங்க?” என்றான்.

மருந்தைத் தெளித்துவிட்டுச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டுவிட்டுக் கழுவ வேண்டும். ஸ்டிக்கர் கடைக்காரர் எழுதியதில் பிழையே இல்லை! அதற்கப்புறம் செஞ்சியில் அதுவே வழக்கமாகிவிட்டது. சுவர் கழுவ வருபவருக்கு இலை போடாவிட்டால் பாசி திரும்ப வந்துவிடும் என்று கடைவீதிப் பெண்கள் உறுதியாக நம்பினார்கள். நுரையண்ணனும் மறுக்கவில்லை. ஆறே மாதத்தில் மழைக்கோட்டில் பித்தான் போட முடியாத அளவுக்குத் தொழில் வளர்ந்தது.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஊரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் வண்டிக்குப் பின்னால் போய் போனை எடுத்தார். “செல்வி, வெளுத்துடுச்சி” என்றார். போனை வைத்தார். திரும்பியபோது கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. பதறிப்போய் ஓஸைப் பிடித்து அவர் முகத்தில் தண்ணீரை விட்டேன். “மருந்து பட்டுச்சா அண்ணே? கண்ணைத் தொறங்க, தொறங்க!”

“மருந்தெல்லாம் படல சார்,” என்றார் தண்ணீருக்குள்ளிருந்து. “ஆனா கொஞ்ச நேரம் வுடுங்க. அவன் பாக்குறான்.”

மச்சான் அந்தப் பக்கம் நகர்கிற வரைக்கும் நான் ஓஸைக் கீழே இறக்கவில்லை.