போஸ்ட்மாஸ்டர் போட்ட டிக்

போஸ்ட்மாஸ்டர் ஒரு பொய்யர். இதை முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை வாராவாரம் கடைசிப் பக்கத்தில் தொடங்கி முதல் பக்கம் வரை தலைகீழாகப் படிப்பவர் அவர். நேராக அவர் கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னிடம் இரண்டு பொய் சொன்னார். இரண்டுக்கும் இன்றுவரை பதில் இல்லை.

பெங்களூரில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் ஒருவர் மீது கல்லை எறிந்து, குறி தப்பினாலும் அது இன்னொரு கம்ப்யூட்டர் தெரிந்தவர் மீதுதான் விழும். அத்தனை பேரிலும் மின்னஞ்சல் முகவரியே இல்லாத ஒரே ஆள் இவர்தான். அவரிடம்தான் எங்கள் ஆபீஸ் மெயில் மொத்தமும் இருந்தது.

வைட்ஃபீல்டில் பெரிய கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், இனிப்புக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி அச்சடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஆர்டர் எடுப்பது என் வேலை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தினமும் மல்லேஸ்வரத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் வண்டி மாறி வருவார். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டிலேயே போஸ்ட்மாஸ்டர் என்றுதான் இருந்தது. எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பதால் பட்டாசு என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டரில் மெயில் புரோகிராம் போடும்போது அது ஒரு கேள்வி கேட்கும். பாப் வேண்டுமா, ஐமேப் வேண்டுமா? பாப் என்றால் வந்த மெயிலை சர்வரிலிருந்து எடுத்து உங்கள் கம்ப்யூட்டருக்குள் போட்டுக்கொள்ளும். சர்வரில் துடைத்துவிடும். ஐமேப் என்றால் மெயில் சர்வரிலேயே இருக்கும். எத்தனை பேர் திறந்தாலும் எல்லோருக்கும் ஒன்றே தெரியும். ஊர் உலகமெல்லாம் ஐமேப்புக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. போஸ்ட்மாஸ்டர் போகவில்லை.

"ஏம்மா பட்டாசு, தபால்னா என்ன? போஸ்ட் ஆபீஸ்லேருந்து நம்ம வீட்டுக்கு வரணும். வந்துட்டா அது நம்மது. ஐமேப்ல என்ன பண்றீங்க? லெட்டரை போஸ்ட் ஆபீஸ்லயே விட்டுட்டு, தினம் போய் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு வர்றீங்க. வெக்கமா இல்ல?"

"ஒரே மெயில் மூணு பேருக்கு வேணும் சார்."

"ஒரு லெட்டரை மூணு வீட்ல போடற போஸ்ட்மேனை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?"

"அதுக்குத்தான் பாப்லயே ஒரு டிக் இருக்கு சார். சர்வர்ல ஒரு காப்பியை விட்டுவைன்னு. அதையாவது போடுங்க."

ஏகாதசி அன்று மல்லேஸ்வரத்து மாமியிடம் மட்டன் பிரியாணியை நீட்டியதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் ஆயுசுல அந்த டிக்கைப் போட்டதில்ல. போடவும் மாட்டேன். எடுத்ததை எடுத்த இடத்துலயே விட்டுட்டு வர்றவன் மனுஷனா?"

எங்களுக்கு ஆர்டர் வருவது ஒரே முகவரிக்கு. அதைத் திறப்பது மூன்று பேர். நான், டிசைன் பார்க்கும் சந்திரிகா அக்கா, சரக்கு அனுப்பும் பசவராஜ். பாப் முறையில் யார் முதலில் மெயில் எடுக்கும் பட்டனை அழுத்துகிறாரோ, மெயில் அவர் வயிற்றுக்குள் போய்விடும். மற்ற இருவருக்கும் வெறும் இலை.

இதில் போஸ்ட்மாஸ்டர் இன்னொரு கூத்தும் சேர்த்தார். மெயில் தானாக வருவதை நிறுத்திவிட்டார். ஒரு நாளைக்கு இரண்டே டெலிவரி. காலை பத்தரைக்கு ஒன்று, மாலை மூன்றரைக்கு ஒன்று. நேரம் வந்ததும் எவர்சில்வர் டம்ளரைப் பேனாவால் டிங் டிங் டிங் என்று மூன்று முறை தட்டுவார். மூன்றாவது தட்டுக்குப் பிறகுதான் பட்டனைத் தொடலாம். பத்து இருபத்தெட்டுக்கே மூன்று பேரும் மவுஸைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்போம். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி நாங்கள் மூவரும் சாமி கும்பிடுகிறோம் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தார்.

டம்ளர் ஓய்ந்ததும் சந்தை ஆரம்பிக்கும். "நினகே பந்தா?" என்று பசவராஜ் கன்னடத்தில் கேட்பான். உனக்கு வந்ததா என்று அர்த்தம். "எனக்கு ஒண்ணுமில்லடா, அக்காதான் அள்ளிட்டாங்க" என்பேன் நான். "ஓசூர் பார்ட்டி என்கிட்ட இருக்கு, கோலார் பார்ட்டியைக் குடுத்தா தர்றேன்" என்பார் அக்கா. சீட்டுக்கட்டு மாற்றுவதுபோல் ஆர்டர்களை மாற்றிக்கொள்வோம். ஒருமுறை பசவராஜ் தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் பழக்கதோஷத்தில் பட்டனை அழுத்திவிட்டு, கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு ஆனேக்கல் போய்விட்டான். அந்த வாரத்து ஆர்டர் அத்தனையும் அந்த ஒரு டெலிவரியில்தான் வந்திருந்தது. மூன்று நாள் எங்கள் கையில் ஆர்டரே இல்லை. வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்து முதலாளி சனீஸ்வரனுக்கு எள் விளக்கே ஏற்றிவிட்டார்.

படித்ததற்கு ரசீது கேட்கும் வசதி ஒன்று அந்தப் புரோகிராமில் உண்டு. அதை மட்டும் போஸ்ட்மாஸ்டர் உயிராக நேசித்தார். ரிஜிஸ்டர் தபாலுக்கு ஒப்புகை அட்டை இல்லாமலா என்று, நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்கும் அதைப் பூட்டிவிட்டார். நாங்கள் நன்றி என்று ஒரு வரி அனுப்பினாலும், எதிரே இருப்பவரிடம் படித்தீர்களா, படித்தீர்களா என்று பெட்டி பெட்டியாக முளைத்துக் கேட்கும். மைசூர்க்காரர் ஒருவர் போனிலேயே அழுதார். "ஓதிதீனி மாராயா, ஓதிதீனி, நூறு சல ஓதிதீனி." படித்துவிட்டேன், நூறு முறை படித்துவிட்டேன் என்கிறார் பாவம்.

நான் வெடித்தேன். முதலாளிக்குப் புகார் எழுதினேன். மெயிலில் எழுதினால் யார் வயிற்றுக்குள் போகுமோ என்று காகிதத்தில் எழுதினேன். "இவர் இருக்கும்வரை இந்த ஆபீஸில் யாருக்கும் ஒரு கடிதமும் ஒழுங்காகப் போய்ச் சேராது" என்று முடித்தேன். முதலாளி அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். எனக்கே கொஞ்சம் உறுத்தியது.

போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சரி சார். எல்லாத்தையும் ஐமேப் பண்ணிடறேன். பாப்னு ஒண்ணு இந்த ஆபீஸ்ல மிச்சம் இருக்காது."

முதல் பொய்.

அந்த வாரம் சொர்க்கம். மூன்று பேருக்கும் எல்லா மெயிலும் தெரிந்தது. டம்ளரில் போஸ்ட்மாஸ்டர் காபி குடித்தார். புதன்கிழமை கோயம்புத்தூர் இனிப்புக் கடைக்காரர் தன் தீபாவளிப் பெட்டிக்குப் பச்சை நிறமே போடலாம் என்று மெயில் அனுப்பினார். நாற்பதாயிரம் பெட்டி. அன்றைக்கே அச்சுக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சந்திரிகா அக்கா வெள்ளிதோறும் வீடு கழுவிக் கோலம் போடுபவர். அதே கையோடு ஆபீஸில் தன் மெயில் பெட்டியையும் சுத்தமாகத் துடைப்பார். பாப் காலத்தில் அழிந்தது அவர் கம்ப்யூட்டரில் இருந்தது மட்டும்தான். ஐமேப்பில் ஒருவர் அழித்தால் எல்லோருக்கும் அழியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஐமேப் கேட்டுச் சண்டை போட்ட நானும் சொல்லவில்லை. வந்தது, போனது எல்லாவற்றையும் அழித்தார். வேலையில் சுத்தம் வேண்டுமே, குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்.

திங்கட்கிழமை கோயம்புத்தூர்க்காரர் பெட்டி என்னாச்சு என்று போன் செய்தார். பச்சை அச்சாகிறது என்றேன். "பச்சையா? யாருங்க சொன்னது? நான் மஞ்சள்னுல்ல நெனச்சுட்டிருக்கேன்."

மெயிலைத் திறந்தேன். காலி. அக்கா கம்ப்யூட்டரில் காலி. பசவராஜ் கம்ப்யூட்டரில் காலி. சர்வர்காரருக்குப் போன் செய்தால், அழித்தது அழித்ததுதான் மேடம் என்றார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவர் ஓகே சொன்ன மெயிலை சாயங்காலத்துக்குள்ள காட்டும்மா. இல்லேன்னா நாளைலேருந்து வர வேணாம்."

தனியாகப் போய் என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்ட வீட்டில், கிழித்துக் காட்டுகிறேன் என்று கத்திவிட்டுத் திருவண்ணாமலையிலிருந்து பஸ் ஏறியவள் நான். அதே பஸ்ஸில் திரும்பிப் போய் அதே முகங்களைப் பார்க்க வேண்டும். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

டிங். டிங். டிங்.

மணி இரண்டு. இரண்டு மணிக்கு டெலிவரி எந்தக் காலத்திலும் கிடையாது. நிமிர்ந்தால் போஸ்ட்மாஸ்டர் டம்ளரோடு நிற்கிறார். "வாம்மா பட்டாசு, ஸ்டோர் ரூம் வரைக்கும்."

மை டின்களுக்குப் பின்னால், எங்கள் இனிப்புப் பெட்டி அட்டையாலேயே ஒரு கூடு. திரைக்கு மட்டும் ஒரு ஜன்னல் வெட்டியிருந்தது. உள்ளே, தூக்கிப் போட்டுவிட்டதாக அவர் சொன்ன பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மெயில் புரோகிராம். பாப்.

"இதுக்குள்ள வந்ததை சந்திரிகாவால ஒண்ணும் பண்ண முடியாது. தேடு."

தேடினேன். புதன்கிழமை மெயில் அப்படியே இருந்தது. "பச்சையே போடுங்க. சீக்கிரம்." பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். முதலாளி அதைக் கோயம்புத்தூருக்குப் போனில் வாசித்துக் காட்டினார். "அட, நாந்தானுங்களா? கல்யாணப் பந்தில உக்காந்து அனுப்புனதுங்க. பச்சையும் நல்லாத்தானுங்க இருக்கும்."

ஸ்டோர் ரூமுக்குத் திரும்பி வந்து செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். எனக்குச் சந்தேகம். வெறும் பாப் என்றால் இந்தக் கம்ப்யூட்டர் மெயிலை எல்லாம் விழுங்கியிருக்கும், எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் வந்திருக்காதே. அங்கே இருந்தது அந்த டிக். சர்வரில் ஒரு காப்பியை விட்டுவை. ஆயுசில் போடாத டிக்.

"சார், என்ன இது?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கை தவறிப் பட்டிருக்கும்மா."

இரண்டாவது பொய்.

மறுநாள் முதலாளி சந்தோஷத்தில் எல்லாவற்றையும் பாப்புக்கே மாற்றச் சொன்னார். போஸ்ட்மாஸ்டர் கறாராக மறுத்துவிட்டார். "சுமனிரி சார், சும்மா இருங்க. மூணு பேர் வேலை பார்க்கற எடத்துல ஐமேப்தான் சரி. பட்டாசு எழுதினது சரிதான்." இதை அவர் ஆறு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் முதலாளிக்கு எள் விளக்குச் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

அடுத்த உகாதிக்குள் வேலையை விட்டுவிட்டார். வழியனுப்பு விழாவுக்கு வடை ஆர்டர் செய்திருந்தோம். அதற்கு முந்தின நாளே, ஒரு வார்த்தை சொல்லாமல் மெட்ரோ ஏறிப் போய்விட்டார். மெயில் போடலாம் என்றால் மனிதருக்கு முகவரி கிடையாது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் சத்தம் போடுகிறேன்.

சார், கை தவறி ஒரு டிக் விழலாம். ஒப்புக்கொள்கிறேன். என் ஆர்டர் மெயில்களை மட்டும் தேடிப் பிரித்துத் தனியாக வைக்கச் சொல்லி அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஃபில்டர் போட்டிருந்தீர்கள். அவை போய் விழுந்த ஃபோல்டருக்குப் பெயர், ‘பட்டாசு - யாரும் தொடக் கூடாது’. அது உருவாக்கப்பட்ட நாள், என் புகாரை முதலாளி எல்லோர் முன்னாலும் படித்த அதே நாள். இத்தனை எழுத்தும் கை தவறியா விழுந்தது?

எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். இதே பத்திரிகையில், வாசகர் கடிதம் பகுதியில், உங்கள் உண்மைப் பெயரைப் போட்டு எழுதுங்கள். ஊரே படிக்கட்டும். தினமும் பத்தரைக்கும் மூன்றரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.