வேறு படகில் வருகிறாள்

மொம்பாசாவிலிருந்து வந்த மசூத், பவளப்பாறை பார்க்கப் போகும் பாய்மரப் படகில் கால் வைத்ததுமே படகோட்டி ஜும்பே விசாரணையைத் தொடங்கிவிட்டான்.

“வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க, பெரியவரே?”

“சௌக்கியம்.”

“பிள்ளைங்க?”

“சௌக்கியம்.”

“வீட்டம்மா?”

“சௌக்கியம்.”

அந்தக் கடற்கரையில் யாரும் வேறு பதில் சொல்ல மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் நெருப்பைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். மசூதின் மனைவி சுவேனா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்புறம் சொல்ல வேண்டியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதுவரை நின்று கேட்க யாருக்கும் பொழுதில்லை.

ஜும்பேக்குப் பொழுது நிறைய இருந்தது.

“அப்போ ஏன் அவங்களக் கூட்டிட்டு வரல?”

படகில் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து இவரையே பார்த்தார்கள். தனி ஆள் என்று சொல்ல மசூதுக்கு நாக்கு எழவில்லை.

“அவ... பின்னாடி வேற படகுல வர்றா.”

“அதானே பார்த்தேன்! பவளப்பாறைகிட்டதான் எல்லாப் படகும் நிக்கும். அங்க சேர்த்து விட்டுடறேன், கவலைய விடுங்க.”

வசினித் தீவைத் தாண்டுவதற்குள், சுவேனாவுக்கென்று தேங்காய்ப்பால் சோறும் நண்டும் எடுத்து மூடி வைத்துவிட்டான். பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து, நிழலில் அவளுக்கு இடம் போட்டு வைத்தார்கள். மசூத் அந்தக் காலி இடத்தைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாறை வந்ததும் நீச்சல் கண்ணாடியை மாட்டி, மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தார். தண்ணீருக்குள்ளாவது யாரும் நலம் விசாரிக்க மாட்டார்கள். நீலமும் மஞ்சளுமாக மீன்கள். அவையும் கூட்டங்கூட்டமாகத்தான் போயின. ஒன்றுகூட இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தலையை வெளியே எடுத்தால், ஜும்பே ஒவ்வொரு படகாகக் கூவிக்கொண்டிருந்தான்.

“மொம்பாசாக்காரர் வீட்டம்மா உங்ககிட்ட இருக்காங்களா?”

“இல்லப்பா!”

“பெரியவரே, எந்தப் படகுலயும் அவங்க இல்லையே!”

மசூத் பதறிப்போய்ச் சமாளித்தார். “அவ நல்லா நீந்துவா. தண்ணிக்குள்ள எங்கயாவது இருப்பா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஜும்பே கொம்பை எடுத்து ஊதினான். அந்தக் கடலில் ஓர் ஆளைக் காணோம் என்றால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவனும் கையை உதறிவிட்டுக் குதிப்பான். எல்லாப் படகிலிருந்தும் குதித்தார்கள். தொப்பை வைத்த ஒரு மாப்பிள்ளை நீச்சல் தெரியாமலே குதித்துவிட, அவனைத் தூக்க இரண்டு பேர் போனார்கள்.

மசூத் படகில் ஏறி அலறினார். “ஜும்பே, நிறுத்துப்பா! அவ செத்துப் போயிட்டா!”

பெண்கள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள்.

“வாயக் கழுவுங்க, பெரியவரே! அப்படியெல்லாம் ஆகாது!”

“செத்து மூணு வருஷம் ஆச்சுடா!”

“பயத்துல புத்தி கலங்கிடுச்சு. யாராவது அவருக்கு இளநீர் குடுங்க!”

மசூத் இளநீரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல்முறையாக உண்மையைச் சொல்லியிருக்கிறார், நம்பத்தான் ஆளில்லை. ஆனால் இத்தனை பேர் சுவேனாவைத் தேடுகிறார்கள். சிறிது நேரத்தில், பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே, அவரும் அலைகளுக்கு நடுவில் அவளைத் தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் தீவைச் சுற்றிக்கொண்டு கடைசிப் படகு வந்தது. தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் விவரம் கேட்ட அதன் படகோட்டி அத்துமானி இரண்டு கையையும் ஆட்டினான்.

“கிடைச்சிட்டாங்க! கிடைச்சிட்டாங்க!”

அவன் படகில், பாய்மரத்தடியில் ஓர் அம்மாள் ஒண்டியாக உட்கார்ந்திருந்தாள். மசூத் அவளை ஜென்மத்தில் பார்த்ததில்லை. அவள் இவரைப் பார்த்ததும் முகம் வெளிறி, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள்.

அத்துமானி மூச்சு வாங்கச் சொன்னான்: “புருஷன் முன்னாடி படகுல போயிட்டார்னு காலையிலேருந்து சொல்லிட்டே வர்றாங்க. நானும் வழியில பார்த்த படகுலெல்லாம் கேட்டுட்டேன், அப்படி ஒரு ஆளே இல்லங்கறாங்க. நல்லவேளை பெரியவரே, நீங்க இருக்கீங்க!”