அறுபத்திரண்டு கிலோ வலை ஊஞ்சல்

வாரத்தில் ஆறு நாள் மனைவி சொல்படி நடப்பது ஒரு மனிதனுக்கு அழகு. ஏழாவது நாளும் அப்படியே நடந்தால் அதற்குப் பெயர் அடிமைத்தனம். இதை நான் கண்ணாடியைப் பார்த்து உரக்கச் சொன்னேன். குளியலறைக் கண்ணாடி. கதவைத் தாழ் போட்டிருந்தேன். வெளியே கேட்காமல் இருக்கக் குழாயையும் திறந்துவிட்டிருந்தேன்.

"வருகிற ஞாயிறு முதல் நான் சுதந்திர மனிதன்!"

"என்னங்க, தண்ணி வீணாப் போகுது" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

மூடினேன். குழாயையும், வாயையும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் தெருவுக்குள் நுழைந்தால் தராசு முள்ளெல்லாம் நடுங்கும். ஒருமுறை ஒரு கடையில் போலி எடைக்கல் ஒன்று என்னைப் பார்த்ததும் தானாக உருண்டு இறங்கிச் சாக்கடைக்குள் ஒளிந்துகொண்டது. நம்பினால் நம்புங்கள். என் மனைவி கணக்கு டீச்சராக இருந்தவள். நான் பொய் எடையைப் பிடித்தவன். அவள் பொய்யையே எடை போடுகிறவள். எங்கள் குடும்பத்தின் மொத்தச் சிக்கலும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

அவள் ஓய்வு பெற்ற அன்று சக டீச்சர்கள் சேர்ந்து ஒரு குரோஷா ஊசியைப் பரிசளித்தார்கள். பேனா நீளம். நுனியில் சின்னதாக ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில் முதலில் மாட்டியது நூல். இரண்டாவதாக மாட்டியது நான்.

மற்ற வீடுகளில் குரோஷா என்றால் டி.வி. மேல் ஒரு துணி, மேஜை மேல் ஒரு துணி, அதோடு போச்சு. இவள் அப்படி இல்லை. "வீட்டுக்குள்ள மூடி வைக்கவா இவ்வளவு கஷ்டப்பட்டுப் பின்றேன்? எல்லாம் காத்தாட வெளிய எடுத்துட்டுப் போகத்தான்" என்றாள். பின்னியதைச் சோதித்துப் பார்க்க ஞாயிறுதோறும் ஏரிக்கரைப் பூங்கா. காலை பத்து மணிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவோம்.

சோதனைச் சாலை நான்தான். தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு உறை, அது என் கழுத்தில். பழம் போட ஒரு வலைப்பை, அது என் தோளில். மடக்கு நாற்காலிக்கு ஒரு மேலுறை, நாற்காலியோடு என் கையில். புல்தரையில் விரிக்க ஒரு விரிப்பு, நூற்று நாற்பத்துநாலு சதுரம், என் முதுகில். ("பன்னெண்டு பெருக்கல் பன்னெண்டு" என்று அதை விரிக்கும்போதெல்லாம் ஏரிக்குச் சொல்வாள்.) தலையில் ஒரு பச்சைத் தொப்பி, அகல விளிம்பு வைத்தது. போன மாதம் ஒரு காகம் அதில் வந்து உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போய், வாயில் ஒரு குச்சியோடும் கூடவே துணையோடும் திரும்பி வந்தது. குடியேறுகிற உத்தேசம். நான் அசையாமல் இருந்திருந்தால் இன்றைக்குத் தாத்தாவாகியிருப்பேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இந்த வருஷம் கேரம் போட்டி வந்தது.

எங்கள் குடியிருப்பில் வருடா வருடம் இரட்டையர் கேரம் நடக்கும். நானும் எதிர்வீட்டுப் பூட்டுக்காரரும் ஜோடி. அவர் தொழில் பூட்டு ரிப்பேர். மூன்று வருடமாக இறுதிப் போட்டிக்குப் போய், மூன்று வருடமும் மூன்றாம் மாடிப் பல் டாக்டரிடமும் அவர் மச்சானிடமும் தோற்றவர்கள் நாங்கள். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அந்த டாக்டர் பல்லைக் காட்டுவார். சொந்தப் பல். நான்காவது வருடமும் இறுதிக்கு வந்துவிட்டோம். இன்னும் நான்கு ஞாயிறு இருக்கிறது. மூன்று பயிற்சிக்கு, நான்காவது, மாலை நாலு மணிக்கு, போட்டிக்கு. இந்தத் தடவை கோப்பை வரவில்லை என்றால் மாடிப்படியில்தான் ஏறி இறங்குவது என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு முழங்கால் வலி. இதிலிருந்தே என் மனநிலையைப் புரிந்துகொள்ளலாம்.

மாடிப்படித் திருப்பத்தில் பூட்டுக்காரரோடு ரகசிய ஆலோசனை நடந்தது.

"அண்ணி சின்னச் சின்னதாப் பின்றாங்கண்ணே, அதான் தப்பு. வாரத்துக்கு ஒண்ணு முடிஞ்சா வாரத்துக்கு ஒரு ஊர்வலம். பெரிசா ஏதாவது கேளுங்க. முடியவே கூடாது."

"எவ்வளவு பெரிசு?"

"நீங்க படுக்கற அளவுக்கு."

அந்த நொடி என் மூளையில் மின்னல் வெட்டியது. வலை ஊஞ்சல்! இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி, உள்ளே ஆள் படுத்து ஆடுகிற வலை. பின்ன ஆறு மாதமாவது ஆகும். ஆறு மாதம் அவள் வீட்டில் உட்கார்ந்து பின்னுவாள். நான் எதிர்வீட்டில் உட்கார்ந்து ஆடுவேன்.

அன்று மாலையே காபியோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காபி நானே போட்டது. அதுவே தப்பு என்று பிறகு புரிந்தது.

"ஏம்மா... எனக்கு ஒரு ஆசை."

மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "உங்களுக்கா? டாக்டர்கிட்டப் போகணுமா?"

"அதில்லம்மா. ஏரிக்கரையில, அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல, உன் கையால பின்னின வலை ஊஞ்சல்ல ஒரு தடவை படுத்து ஆடணும்."

ஊசி நின்றது. கண் கலங்கியது. "இத்தனை வருஷத்துல நீங்களா வாயத் தொறந்து ஒண்ணு கேட்டது இதான்."

எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"நல்ல பெரிசாப் பின்னும்மா. அவசரமே இல்ல. ஆறு மாசம் ஆகட்டும்."

"சரி. உங்க எடை என்ன?"

"எதுக்கு?"

"ஊஞ்சல் தாங்கணும்ல? எழுபது கிலோ வரைக்கும் ஒத்தை நூல் போதும். அதுக்கு மேலன்னா ரெண்டு நூலா சேத்துப் பின்னணும்."

வாசகர்களே, இந்த இடத்தில் வேறு எந்தக் கணவனும் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் இன்ஸ்பெக்டர். கல்யாணத்தன்று நான் அறுபத்திரண்டு கிலோ. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கிராம் ஏறவில்லை என்று முப்பத்தெட்டு வருடமாக வீட்டில் பெருமையடித்து வருகிறேன். ஊராரின் எடையைச் சரிபார்த்தவன் எடை தவறலாமா? வீட்டில் எடை மெஷின் வாங்கவும் நான் விட்டதில்லை.

"அறுபத்திரண்டு" என்றேன், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு.

"நிச்சயமா?"

"என்கிட்டயேவா கேக்கற?"

"அப்போ எழுதிக் குடுங்க. பின்னல்ல ஒரு கண்ணி தப்பினா எல்லாம் தப்பு."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா? ஆபீசில் திருப்பிக் கொடுக்க மறந்த ரப்பர் ஸ்டாம்பு ஒன்று அலமாரியில் இருந்தது. 'சோதிக்கப்பட்டது. சரியான எடை.' அதையும் எடுத்து ஓங்கிக் குத்தினேன். அவள் அந்தக் காகிதத்தை மடித்துப் பின்னல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு. பெருமையில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு வந்தது. பவுடர் பூசி, ஸ்ட்ரைக்கரைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"எங்க கிளம்பிட்டீங்க? வாங்க, கைய நீட்டுங்க."

"எந்தக் கைய?"

"ரெண்டையும்."

விஷயம் என்னவென்றால், ஊஞ்சலுக்கான தடித்த நூல் உருண்டையாக வராதாம். பெரிய வளையமாக, சிட்டம் சிட்டமாக வருமாம். அதை ஒருவர் இரண்டு கையையும் நீட்டி, கைகளில் மாட்டி விறைப்பாகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நுனியை இழுத்து உருண்டையாகச் சுற்ற வேண்டுமாம். பிடித்தவன் கையை இறக்கினால் சிக்கு விழும். சிக்கு விழுந்தால் அன்று முழுக்க அந்தச் சிக்கை எடுக்க வேண்டும். எடுப்பது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மொத்தம் எட்டுச் சிட்டம். அன்றைக்கு இரண்டு.

பூட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டு இரண்டிலும் நூல் மாட்டி இருந்தேன்.

"என்னண்ணே, கைது பண்ணிட்டாங்களா?"

"தம்பி, எந்தப் பூட்டையும் திறப்பேன்னு சொல்வீங்களே..."

"திறப்பேன். ஆனா இதுக்கு சாவித் துவாரமே இல்லையே" என்றார். என் மனைவியைப் பார்த்தார். "வரேன் அண்ணி" என்று பின்பக்கமாக நடந்தே வெளியேறினார்.

இரண்டாம் ஞாயிறு மூன்று சிட்டம். மூன்றாம் ஞாயிறு மூன்று சிட்டம். முடிந்ததும் ஓடிப்போய் எதிர்வீட்டில் கேரம் பலகை முன் உட்கார்ந்தேன். கை நடுங்கிய நடுக்கத்தில் ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டிப் பறந்து, ஜன்னல் வழியாக வெளியேறி, மூன்றாம் மாடிப் பல் டாக்டரின் பூந்தொட்டியில் விழுந்தது. நாங்கள் இருப்பது முதல் மாடி. நம்பினால் நம்புங்கள். பூட்டுக்காரரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகிற போக்கில் வேறொரு ஸ்ட்ரைக்கரை ஒரு விரலால் சுண்டினார். சிவப்பு உள்ளே போனது. நாங்கள் இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தோம்.

நான்காம் ஞாயிறு. மதியம் இரண்டரை மணி.

"முடிஞ்சுடுச்சு!" என்றாள்.

"எது?"

"உங்க ஊஞ்சல்தான்."

"ஆறு மாசம்னு சொன்னேனே!"

"நீங்க ஆசைப்பட்டுக் கேட்டது. வார நாள்ல நீங்க மத்தியானம் தூங்குற நேரமெல்லாம் பின்னினேன். உங்க மத்தியானம் ரொம்ப நீளம். வாங்க, ஏரிக்குப் போய்க் கட்டலாம்."

"நாலு மணிக்கு மேட்ச்சும்மா!"

"அஞ்சே நிமிஷம். படுங்க, ரெண்டு ஆட்டு ஆடுங்க, ஓடிப் போயிடுங்க."

அஞ்சு நிமிஷம்தானே என்று போனேன். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீலமும் வெள்ளையும், ஓரத்தில் குஞ்சம். அவளோடு தினமும் நடைப்பயிற்சி போகிற பெண்கள் எட்டுப் பேர் வட்டமாக நின்றார்கள். "சாரே ஆசைப்பட்டுக் கேட்டாராமே! இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கணுமே!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

நான் ஒரு தொடையை மட்டும் மெல்ல வைத்துப் பார்த்தேன். 'கிரீச்' என்றது. வலை கீழே இறங்கியது. இன்னும் கொஞ்சம் வைத்தேன். குஞ்சம் புல்லைத் தொட்டது. முடிச்சு ஒன்று 'டக்' என்றது. அறுபத்திரண்டுக்குப் பின்னிய வலையில் எண்பத்தொன்று ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அதுதானே முப்பத்தைந்து வருட உத்தியோகம்! அறுந்து விழுந்தால் இடுப்பு போகும். இடுப்பு போனால் போட்டி போகும். மணி மூன்றே முக்கால்.

எழுந்தேன். அவள் காதருகே குனிந்தேன்.

"ஏம்மா... ஒரு சின்ன விஷயம். நான் அறுபத்திரண்டு இல்ல."

"பின்ன?"

"கொஞ்சம் கூட."

"கொஞ்சம்னா?"

"எண்பத்தொண்ணு. போதுமா? நான் படுத்தா அறுந்துடும். விடு, நான் மேட்ச்சுக்குப் போறேன்!"

அவள் கோபப்படவில்லை. திடுக்கிடவும் இல்லை. பின்னல் நோட்டைத் திறந்தாள். என் ஸ்டாம்பு குத்திய காகிதத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தது. ரயில் நிலையத்து எடை மெஷின் துப்புகிற அட்டை. எண்பத்தொன்று கிலோ. அதன் கீழே மெஷினின் ஜோசியம்: 'உங்கள் புத்திசாலித்தனம் விரைவில் வெளிப்படும்.'

"இது எங்க கிடைச்சுது?"

"உங்க சட்டைப் பையில. துவைக்கறது நான்தானே."

"அப்போ தெரிஞ்சேதான் அறுபத்திரண்டுக்குப் பின்னினியா?"

"நீங்க சொன்ன கணக்குதான். நல்லவேளை, அது என்னோட எடையும் கூட." செருப்பைக் கழற்றினாள். குழந்தையைத் தொட்டிலில் போட்ட மாதிரி அலுங்காமல் ஊஞ்சலில் சாய்ந்தாள். வலை ஒரு அங்குலம்கூட அதிகம் இறங்கவில்லை. "சரி, ஆட்டி விடுங்க."

"மேட்ச்!"

"அது அப்பவே ஆரம்பிச்சாச்சு. மூணரைக்கு மாத்திட்டாங்க. உங்க கை நடுங்குதுன்னு பூட்டுக்காரர் தம்பி அவர் சம்சாரத்தைச் சேத்துக்கிட்டாரு. என்கிட்டக் கேட்டாரு, நான் சரின்னுட்டேன்."

"அவர் எப்ப உன்கிட்டப் பேசினாரு?"

"போன ஞாயித்துக்கிழமை. ஆனா உங்க திட்டம் அதுக்கு முன்னாடியே தெரியும். மாடிப்படியில பேசினீங்களே, அன்னைக்கே அவர் சம்சாரத்துகிட்டச் சொன்னாரு, அவங்க என்கிட்டச் சொன்னாங்க. நீங்க காபி போட்டுட்டு வர்றதுக்குள்ள எனக்கு விஷயம் வந்தாச்சு."

ஊரிலுள்ள கதவுக்கெல்லாம் பூட்டுப் போடுகிற மனிதர். சொந்த வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் இல்லை.

ஆட்டினேன். எட்டுப் பெண்களும் கைதட்டினார்கள். நாலரை மணிக்கு அவள் போன் அடித்தது. படுத்தபடியே பேசினாள். "ஜெயிச்சுட்டாங்களாம்! அந்தப் பல் டாக்டர் வாயையே திறக்கலையாம். கோப்பைக்கு ஒரு உறை பின்னித் தரச் சொல்றாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். பார்வையில் நிஜமாகவே ஒரு கனிவு. "ஏன் முகம் சுருங்குது? உங்க ஆசையை விட்டுடுவேனா? உங்களுக்கும் ஒண்ணு பின்னித் தரேன். உண்மையான எடைக்கு. எண்பத்தொண்ணுன்னா ரெட்டை நூல், பதினாறு சிட்டம்..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. என் இரண்டு கையும் தாமாக நீண்டிருந்தன.